ரங்கூன் சென்ட்ரலில் கட்டுமான வேலைக்கு நடுவே ரயிலுக்குக் காத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெகு, டவுங்கூ, மாண்டலே, தட்டோன், மோல்மீன், புரோம் என்று எந்த ஊருக்குப் போவதானாலும் ரங்கூனில் ரயில் ஏறும் இடம் சென்ட்ரல் ஒன்றுதான். நகரைச் சுற்றி ஓடும் சுற்று ரயிலும் அங்கே வந்து போகும். நிலையத்தில் வேலை நடக்கும் நாட்களில் அங்கே காத்திருப்பவர்களுக்கு ரயில் தாமதம் பெரிய தலைவலி இல்லை. தாமதமான வண்டி எப்படியும் வந்துவிடும். அது வரும்போது நாம் வேறு பிளாட்பாரத்தில் மூட்டையோடும் பாட்டியோடும் உட்கார்ந்திருந்தால்தான் வண்டி போய்விடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்: போன தடவை எந்த பிளாட்பாரம் என்பதை மறந்துவிடுங்கள். இன்றைக்கு எந்த பிளாட்பாரம் என்பதை மூன்று தடவை உறுதிசெய்யுங்கள். எந்த நேரத்திலும் இடம் மாறக்கூடிய நிலையில் காத்திருங்கள்.

முதலில் திசை

தகர வேலியும் தற்காலிக நடைபாதையும் வந்துவிட்டால் பழகிய நிலையம்கூடப் புது இடம்போல ஆகிவிடும். அதனால் மாறாத மூன்று பொருள்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே, குன் சான் சாலைப் பக்கம், அடுக்கடுக்கான பர்மியக் கூரையோடு பிரதான கட்டடம். போரில் அழிந்த பழைய நிலையத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்டு 1954ல் திறந்தது இது. நகரத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால், சுற்றிலும் எதை இடித்தாலும் இந்தக் கூரை கண்ணுக்குத் தெரியும் என்று நம்பலாம். தெற்கே போஜோ அவுங் சான் சாலை, அதற்கு அப்பால் டவுன். தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகின்றன. தண்டவாளங்களுக்கு மேலே செல்லும் சாலைப் பாலங்களில் மேற்கே இருப்பது சூலே பாலம், கிழக்கே இருப்பது பன்சொடான் பாலம்.

எந்த பிளாட்பாரத்தில் நின்றாலும் கூரையைப் பார்த்தால் வடக்கு தெரியும், பாலத்தைப் பார்த்தால் கிழக்கு மேற்கு தெரியும். பெகு, மாண்டலே, மோல்மீன் வண்டிகள் கிழக்கே, பசுண்டாவுங் பக்கமாகப் புறப்படும். அவற்றுக்கு எஞ்சின் பன்சொடான் பால முனையில் இருக்கும். புரோம் வண்டி மேற்கே, கிம்மிண்டைன், இன்சேன் வழியாகப் போகும். அதன் எஞ்சின் சூலே பால முனையில். பர்மாவின் முதல் ரயிலே 1877ல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு, 161 மைல் தூரம், போட்ட பாதையில்தான் ஓடியது. எஞ்சின் நிற்கும் முனை உங்கள் ஊருக்குப் போகும் திசையோடு ஒத்துவராவிட்டால் ஏறாதீர்கள், யாரிடமாவது கேளுங்கள்.

வேலை நடக்கும்போது நுழைவாயில்களில் ஒன்று மூடியிருக்க வாய்ப்பு உண்டு. டாக்ஸியை அனுப்பிவிட்டு வாசலில் நின்று பூட்டைப் பார்ப்பது கொடுமை. தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசலுக்குப் போக பாலம் ஏறிச் சுற்ற வேண்டும், மூட்டையோடு இருபது நிமிடம் பிடிக்கும். டிக்கெட் வாங்கும்போதே "எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை வாசிப்பது

தூர ஊர் வண்டிக்கு அன்றைக்கே போய் டிக்கெட் வாங்கலாம் என்று இருக்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போது பயணிகளின் மப்பொந்தின் (அடையாள) அட்டை கேட்பார்கள், வெளிநாட்டவரானால் பாஸ்போர்ட். பயணத்தன்றும் அசலைக் கையில் வைத்திருங்கள். கிழியாத, மடிப்பு விழாத நோட்டாக ரொக்கம் கொண்டுபோங்கள்.

டிக்கெட்டில் எண்கள் பர்மிய எழுத்தில் இருக்கலாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சிக்கல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்களும், பர்மியப் பள்ளிக்கூடம் போகாத வயதானவர்களும் தடுமாறும் இடம் இது. முழு வட்டம் பூஜ்யம். ஒரு பக்கம் வாய் திறந்த வட்டம் ஒன்று. மூன்றும் நான்கும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல ஒன்றுக்கொன்று இடம் வலம் மாறியவை. ஆறும் ஒன்பதும் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றது. எனவே பிளாட்பாரம் மூன்றா நான்கா, பெட்டி ஆறா ஒன்பதா என்று வரும்போது மட்டும் வாயால் கேட்டு உறுதிசெய்யுங்கள். கேட்டதும் டிக்கெட்டின் பின்புறத்தில் பேனாவால் நாலு விஷயம் எழுதுங்கள்: வண்டி எண், புறப்படும் நேரம், பெட்டி எண், இருக்கை எண். கூட்டத்தில் நிற்கும்போது இந்த நாலு எண்ணைத் தவிர எதுவும் தேவைப்படாது.

வண்டி எண்ணிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ரங்கூனிலிருந்து கிளம்பும் தூர வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண், அவை "அஸான்". ரங்கூனுக்கு வரும் வண்டிகளுக்கு இரட்டைப்படை எண், அவை "அஸோன்". மாண்டலேக்குப் போவது 11 என்றால் அங்கிருந்து வருவது 12. இரட்டைப்படை எண்ணைச் சொல்லி அறிவித்தால் அது உள்ளே வரும் வண்டி, மூட்டையைத் தூக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். செல்போன் தானாக மாறும், கையில் கட்டியது மாறாது.

பிளாட்பாரம் ஏன் கடைசி நேரத்தில் மாறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். நமது வண்டி காலையிலிருந்து பிளாட்பாரத்திலேயே நிற்பதில்லை. கழுவி, தண்ணீர் நிரப்பி, பிரேக் பார்த்து, யார்டிலிருந்து காலிப் பெட்டிகளாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒரு தண்டவாளத்தைத் தோண்டிப் போட்டிருந்தால், அதில் நிற்க வேண்டிய வண்டிகள் எல்லாம் மற்றத் தண்டவாளங்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே வந்த வண்டி காலியாகி வெளியே போனால்தான் அடுத்ததைக் கொண்டுவர முடியும். முன்னால் வந்தது அரை மணி தாமதமானால் அந்த பிளாட்பாரம் அரை மணி அடைபட்டுக் கிடக்கும். அப்போது நிலைய அதிகாரி கைக்குக் காலியாகக் கிடைத்த வேறொன்றில் நமது வண்டியை விடுவார். ஆக, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிடைக்கும் பிளாட்பாரம் எண் ஒரு உத்தேசம்தான். காலிப் பெட்டிகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே அது உறுதி.

யார்டில் வேலை நடந்தால் பெட்டிகளின் வரிசையும் திரும்பி வரலாம். வழக்கமாக எஞ்சினுக்கு அடுத்து நிற்கும் பெட்டி இன்று வாலில் நிற்கும். ஒரு பெட்டி ஏறக்குறைய 20 மீட்டர். பத்துப் பெட்டி வண்டியில் ஒரு முனையில் நின்று மறுமுனைப் பெட்டிக்கு ஓட வேண்டுமானால் 200 மீட்டர். கையை வீசி நடந்தால் மூன்று நிமிடம். குழந்தையும் கிழவியும் ஆறு மூட்டையும் இருந்தால், கூட்டத்துக்கு நடுவே, எட்டு நிமிடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

மூன்று தடவை கேட்பது

முதல் தடவை முந்தின நாள். வாசல் எது, நடைபாலம் திறந்திருக்கிறதா, கழிப்பறை எந்தப் பக்கம் வேலை செய்கிறது. இதற்காக வீட்டிலிருந்து ஒருவர் நேரில் போய்வருவது நல்லது. போனில் கேட்டால் பழைய பதில் கிடைக்கும்.

இரண்டாவது, நிலையத்துக்குள் வந்தவுடன். தூர வண்டிக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வாசலில் இருங்கள். வேலை இல்லாத நாளில் 45 நிமிடம் போதும். கூடுதல் நேரம் முழுக்க சுற்றுப்பாதைக்கும் பை சோதனைக்கும் போய்விடும்.

மூன்றாவது, புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது. இதுதான் முக்கியம், இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உட்கார இடம் கிடைத்தபின் எழுந்து போய்க் கேட்க யாருக்கும் மனம் வராது. இரண்டு பேராவது போனால் ஒருவர் மூட்டையோடு இருக்க, மற்றவர் கேட்கும் ஆள். அந்த வேலையை முன்கூட்டியே ஒருவர் தலையில் கட்டிவிடுங்கள். தனியாகப் போகிறவர் மூட்டையை இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒன்று முதுகில், ஒன்று கையில்.

யாரிடம் கேட்பது? சீருடை போட்டவரிடம் முதலில், அவர் இல்லாவிட்டால் கூலியாட்களிடம். நமது வண்டியின் பெட்டி எங்கே நிற்கும் என்பது அவர்கள் பிழைப்பு, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சக பயணியிடம் கேட்டு நடக்காதீர்கள், அவரும் இன்னொருவரிடம் கேட்டவர்தான். வயதில் மூத்தவரை "ஊலே" என்றும், நம் வயதுக்காரரை "அகோ" என்றும், பெண்ணை "அமா" என்றும் விளித்துக் கேளுங்கள்: "ஊலே, மோலமியாய் யத்தா பே ஜின்ஜான் லே?" மோல்மீன் வண்டி எந்த பிளாட்பாரம் என்று அர்த்தம். பதில் எண்ணை விரலால் காட்டச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது.

சத்தத்தில் எண்கள் ஏமாற்றும்

ஜெனரேட்டர் இரைச்சலும் கம்பி வெட்டும் சத்தமும் ஒலிபெருக்கியை விழுங்கிவிடும். கரண்ட் போனால் அறிவிப்புப் பலகையும் அணைந்துவிடும். காது மட்டுமே துணை என்று ஆகும்போது பர்மிய எண்களில் நான்கு எண்கள் ஒரே மாதிரிக் கேட்கும். ஒன்று "தித்", இரண்டு "நித்", ஏழு "குன்னித்", எட்டு "ஷித்". முடிவில் எல்லாமே "இத்". "குன்" என்பது சத்தத்தில் அமுங்கிவிட்டால் ஏழு இரண்டாகிவிடும். "தோன்", "லே", "ஙா", "சவுக்" என்ற மூன்று முதல் ஆறு வரையான எண்களில் இந்தக் குழப்பம் இல்லை.

அறிவிப்பு முழுவதும் புரியாவிட்டாலும் இரண்டு சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "ப்யாங்" என்று வந்தால் ஏதோ மாறுகிறது. "நௌச்சா" என்று வந்தால் தாமதம். அதோடு "நாயீ" சேர்ந்தால் மணிக் கணக்கு, "மினித்" சேர்ந்தால் நிமிடக் கணக்கு. உங்கள் ஊர்ப் பெயரும் "ப்யாங்"கும் ஒரே மூச்சில் கேட்டால் கேட்கும் ஆள் உடனே எழ வேண்டும்.

கூட்டம் ஒரே பக்கமாக எழுந்து நகர்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆனால் கூட்டத்தின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகவும் வேண்டாம். சுற்று ரயில் வந்தாலும் இதே அளவு கூட்டம்தான் எழும்.

எங்கே உட்காருவது

நடைபாலத்தின் அடியிலிருந்து முப்பது நாற்பது அடிக்குள் உட்காருங்கள். பிளாட்பாரம் மாறினால் ஏற வேண்டியது அந்தப் படிதான். படியின் வாயிலேயே மூட்டையைப் போடாதீர்கள், எல்லோரும் ஓடும்போது மிதிபடும். தகர வேலிக்கும் தண்டவாள ஓரத்துக்கும் நடுவே நடைபாதை ஒடுங்கும் இடத்தில் உட்காரவே கூடாது. வண்டி வரும்போது விலக இடம் இருக்காது. வேலியின் கீழ் விளிம்பு கால் மட்டத்தில் வெட்டும், குழந்தைகளை அதன் மேல் சாயவிடாதீர்கள்.

புதுக் கான்கிரீட்டையும் பழைய தளத்தையும் இணைக்கும் இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு நிற்கும். பகலில் கண்ணுக்குத் தெரியும். கரண்ட் போன மாலையில் அதில் தடுக்கி விழுகிறவர்கள் எப்போதும் வயதானவர்கள்தான். கைவிளக்கு ஒன்று பையின் வெளி அறையில் இருக்கட்டும், செல்போன் விளக்கை நம்பினால் சார்ஜ் தீர்ந்துவிடும். காலில் ரப்பர் செருப்பைத் தவிர்த்துப் பின்வார் வைத்த செருப்போ ஷூவோ போடுங்கள். ஜல்லியிலும் ஈரப் படியிலும் ரப்பர் செருப்பு கழன்றுகொள்ளும்.

ஒருவரையொருவர் தவறவிட்டால் கூடும் இடத்தைச் சொல்லிவையுங்கள். "மூணாம் பிளாட்பாரத்தில்" என்று சொன்னால் அந்த எண்ணே மாறிவிடலாம். "பெரிய கட்டடத்தின் டிக்கெட் ஹால் வாசலில்" என்று சொன்னால் மாறாது. குழந்தையின் சட்டைப் பையில் போன் எண் எழுதிய சீட்டு வையுங்கள்.

வேலை நடக்கும் நிலையத்தில் முதலில் மூடப்படுவது கழிப்பறையும் குடிநீர்க் குழாயும்தான். வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குப் பெரியவருக்கு ஒரு லிட்டர், சித்திரை வெயிலில் ஒன்றரை. தூசிக்கு முகக் கவசம். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் உகந்தவை. தயிர் சாதத்தை முதல் வேளைக்கே முடித்துவிடுங்கள், மோல்மீன் பத்து மணி நேரத்தை ஒட்டிய பயணம். நடைபாதையில் விற்கும் வேகவைத்த காடை முட்டையும் சோளமும் நல்லவைதான், தூசி படாமல் மூடி வைத்திருப்பவரிடம் வாங்குங்கள்.

கட்டுமான இடத்தையும் காவலர்களையும் போட்டோ எடுக்காதீர்கள்.

வண்டி உள்ளே வரும்போது

காலிப் பெட்டிகள் மெதுவாகப் பின்னோக்கி வரும். ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கேட்கும் ஆள் கடந்து போகும் பெட்டி எண்களைச் சத்தமாகப் படிக்கட்டும். எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று மூன்று பெட்டியிலேயே தெரிந்துவிடும். நமது பெட்டி எந்த முனையில் நிற்கும் என்பதை அதிலிருந்து கணித்து, வண்டி நிற்கும் முன்பே நடக்கத் தொடங்கலாம்.

பழைய பெட்டிகளுக்கு ஏணிப்படி உண்டு. மேடையை உயர்த்திய இடத்தில் முதல் படி மேடைக்குக் கீழே போய்விடும், இடையில் இடைவெளி விழும். மேடையை உயர்த்தாத இடத்தில் படி முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டும் இருக்கலாம் என்பதால் காலை வைக்கும் முன் குனிந்து பாருங்கள். பாட்டியை ஏற்றுவதற்கு முறை இது: பலசாலி ஒருவர் முதலில் ஏறிக் கதவுக்குள் நிற்க வேண்டும். பாட்டி இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டும், கையில் ஒரு பை கூட இருக்கக் கூடாது. கீழே நிற்பவர் முழங்கைக்கு மேலே பிடித்துத் தாங்க வேண்டும். மேலே இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் தோள் நழுவும், அக்குளுக்குக் கீழே தாங்குங்கள். ஆட்கள் எல்லாரும் ஏறிய பிறகு மூட்டைகளை ஜன்னல் வழியாகக் கொடுங்கள், மேலே வாங்குகிறவர் எண்ணிக்கொண்டே வாங்கட்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணினால் ஒன்றும் விடுபடாது. கூலியாள் வைத்தால், கூலியைப் பிளாட்பாரத்துக்கா, இருக்கைக்கா என்று தூக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சுற்று ரயிலுக்குச் சுருக்கமாக

சுமார் 46 கிலோமீட்டர், ஏறக்குறைய நாற்பது நிலையம். வலச்சுற்று மேற்கே போகும்: பயாலான், லன்மடோ, கிம்மிண்டைன், ஹ்லேடான், இன்சேன். இடச்சுற்று கிழக்கே: பசுண்டாவுங், மால்வாகோன், தாம்வே. எல்லா வண்டியும் முழுச் சுற்று வராது, சில வழியிலேயே திரும்பிவிடும். தவறான சுற்றில் ஏறிவிட்டால் முழு வட்டம் வந்து சேரலாம் என்று உட்கார்ந்திருக்காமல் அடுத்த நிலையத்திலேயே இறங்கி எதிர் வண்டி பிடியுங்கள்.

சென்ட்ரல் குழம்பிக் கிடக்கும் நாளில் அங்கே போகவே வேண்டாம் என்பது எங்கள் யோசனை. அனோரதா சாலையில் காளியம்மன் கோயில் பக்கம் இருப்பவர்களுக்குப் பயாலான் நடக்கும் தூரம். ஏறுவதற்கு அது போதும்.

மழையும் திஞ்ஞானும்

வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசி வரை விடாது. ஆனி, ஆடியில் தோண்டிய குழியில் தண்ணீர் நிரம்பி நடைபாதைபோலத் தெரியும். ஆள் நடந்த தடம் இல்லாத தண்ணீரில் கால் வைக்காதீர்கள். குடை கூட்டத்தில் கண்ணைக் குத்தும், மழைக்கோட்டு நல்லது. மூட்டைகளை வீட்டிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுக்கு, அதாவது ஏப்ரல் நடுவில், நமது சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஊர் திரும்பும் கூட்டம் பல மடங்கு. அந்த வாரத்தில் ஒன்றரை மணி நேரத்தை இரண்டரையாக்குங்கள்.

வண்டி போய்விட்டால்

டாக்ஸி எடுத்து அடுத்த நிலையத்தில் பிடிக்கலாம் என்று துரத்தாதீர்கள். நகரத்து நெரிசலில் அது நடக்காது, தூர வண்டி அங்கே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. முதலில் டிக்கெட் கவுண்டருக்குப் போய், பிளாட்பாரம் மாறியதால் தவறியது என்று அமைதியாகச் சொல்லி, வேறு வண்டிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நேரம் போகப்போக அந்த வாய்ப்பு குறையும். கிடைக்காவிட்டால் அவுங் மிங்கலா பஸ் நிலையம். பெகு, மாண்டலே, மோல்மீன் பஸ்கள் அங்கிருந்துதான். நகரத்தின் வடகோடியில் இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். போகும் வழியிலேயே ஊரில் காத்திருப்பவர்களுக்குப் போன் போட்டு, ரயிலடிக்கு வர வேண்டாம், பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.